புளியந்தீவு யார் கையில்?

[காட்சி: பாலத்தின் மேலிருந்து வாவி. அக்கரையில் கோட்டை மதில்.]

நான்கு புறமும் வாவி சூழ்ந்த புளியந்தீவுதான் மட்டக்களப்பு நகரின் மூத்த பகுதி. 1628-இல் போர்த்துக்கேயர் இங்கே கோட்டை கட்டினார்கள். பத்தே ஆண்டில், 1638-இல், அது ஒல்லாந்தர் வசமானது. 1795-இல் ஆங்கிலேயர் வந்தார்கள். கொடி மாறியதே தவிர, ஆள்பவர்களுக்கு இடம் மாறவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகும் பல்லாண்டுகள் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், இயங்கியது அதே மதிலுக்குள்தான்.

[காட்சி: மதில் ஓரத்துப் பீரங்கி. அடுத்து, ஒரு கடை வாசலில் மூடி உடைந்த வடிகால்.]

இப்போது இந்த வடிகாலுக்கு வருவோம். அடைத்துக்கொண்டால் யாரிடம் போவது? மாநகர சபையிடம். குப்பை, தெருவிளக்கு, உள்வீதி, பொதுச் சந்தை, நூலகம் எல்லாம் அதன் பொறுப்பு. வீட்டுக்கும் கடைக்கும் நீங்கள் செலுத்தும் சோலைவரி போவதும் அங்கேதான். ஆனால் அதே கடைக்காரர் வதிவிடச் சான்றிதழுக்குக் கிராம உத்தியோகத்தரைத் தேடிப்போக வேண்டும். அவருக்கு மேலே மண்முனை வடக்குப் பிரதேச செயலகம். மாநகர சபை மக்கள் வாக்களித்து வருவது. பிரதேச செயலகம் மத்திய அரசின் கிளை. கோட்டையோ தொல்பொருள் திணைக்களத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. ஒரே தெருவில் இத்தனை எசமான்கள்! மாநகர முதல்வரைத் திட்டுமுன் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

[காட்சி: மாரிகால வாவி. படிக்கட்டை மூடிய நீர்.]

உண்மையான சிக்கல் மாரியில்தான் தெரியும். தீவின் மழைநீர் வாவிக்குத்தான் வடிய வேண்டும். வாவி நிறைந்துவிட்டால், எவ்வளவு துப்புரவாக வைத்திருந்தாலும் வடிகால் நீரை வாங்காது. அப்போது எல்லோர் வாயிலும் ஒரே கேள்வி: முகத்துவாரம் வெட்டுவார்களா?

கடலுக்கும் வாவிக்கும் நடுவே நிற்கும் மணல்திட்டை வெட்டிவிட்டால் நீர் இறங்கும். ஆனால் அது அத்தனை எளிதல்ல. வயல் மூழ்குகிறது, உடனே வெட்டுங்கள் என்பார் விவசாயி. வெட்டினால் மீனும் இறாலும் கடலோடு போய்விடும், பொறுங்கள் என்பார் மீனவர். இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. அதனால் நீர்ப்பாசனம், கமநலம், கடற்றொழில் அதிகாரிகளை வைத்துக்கொண்டு மாவட்ட மட்டத்தில் பேசித்தான் முடிவெடுக்கிறார்கள். வீட்டுக்குள் தண்ணீர் வந்தவர் திட்டுவது மாநகர சபையை. மண்வெட்டிக்கு உத்தரவு வர வேண்டியது வேறிடத்திலிருந்து.

[காட்சி: வாக்குச் சாவடி வரிசை.]

சபையே இல்லாத காலமும் இருந்தது. 2023 மார்ச்சில் உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது; தேர்தல் நடந்ததோ 2025 மே 6-இல். இடைப்பட்ட இரண்டு ஆண்டுகள் நிர்வாகம் அதிகாரிகளின் கையொப்பத்தில் நடந்தது. குப்பை வண்டி ஓடியது. ஆனால் எங்கள் தெருவுக்கு ஏன் வரவில்லை என்று நிறுத்திக் கேட்க ஒரு வட்டார உறுப்பினர் இருக்கவில்லை.