66-இல் தோற்றது, 51-இல் ஜெயித்தது

பின்வரிசையில் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். ஓடட்டும், யாரும் அதட்ட வேண்டாம், இன்றைய பேச்சே அவர்களைப் பற்றியதுதான்.

2018 ஜூன் 5. கலிஃபோர்னியாவில், சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் இரண்டு கரையிலும் ஒரே நாளில் ஓட்டு. ஃப்ரீமாண்ட், ஓக்லண்ட் எல்லாம் வருகிற அலமேடா கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி), குழந்தைப் பராமரிப்புக்காக விற்பனை வரியை அரை சதவீதம் ஏற்றலாமா என்று கேட்டார்கள். 66 சதவீதம் பேர் சரி என்றார்கள். தோற்றுவிட்டது. சான் ஃபிரான்சிஸ்கோவில் அதே காரியத்துக்காக, வணிகக் கட்டடங்களின் வாடகை மேல் வரி போடலாமா என்று கேட்டார்கள். சரி என்றவர்கள் 51 சதவீதம்கூட முழுதாக இல்லை. ஜெயித்துவிட்டது.

என்ன கணக்கு இது என்று அன்று ராத்திரி நானும் தலையைச் சொறிந்துகொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். விஷயம் ஓட்டில் இல்லை, அந்தக் கேள்வியை வாக்குச்சீட்டில் யார் கொண்டுவந்து வைத்தார்கள் என்பதில் இருக்கிறது. அலமேடாவில் வைத்தது கவுண்டி நிர்வாகம். அரசு தானே முன்வைக்கிற, இன்ன செலவுக்கு என்று ஒதுக்கிய வரிக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், அரை சதவீதம் குறைந்தாலும் குறைந்ததுதான். சான் ஃபிரான்சிஸ்கோவில் மக்களிடம் கையெழுத்து வாங்கி வைத்தார்கள். அதற்குப் பாதிக்கு மேல் ஒரு ஓட்டு போதும் என்று நகரம் வாதாடியது. அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது தெரியுமா? அப்லண்ட் என்ற ஊரில் மருத்துவக் கஞ்சா விற்கிற கடைகள் தொடர்பாக நடந்த ஒரு வழக்கிலிருந்து! அரசுக்கான கட்டுப்பாடுகள் எல்லாம் மக்கள் கொண்டுவரும் மனுவுக்கு அப்படியே பொருந்தாது என்கிற மாதிரி 2017-இல் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவைத்தது, பாலர் பள்ளிக்குக் கதவு திறந்தது கஞ்சாக் கடை.

சரி, வரிக்கு வருவோம். சொத்து வரியையே ஏற்றியிருக்கலாமே என்று நேற்று ஒரு நண்பர் கேட்டார். முடியாது. 1978-இல் மக்கள் ஓட்டில் வந்த 13-ஆம் முன்மொழிவு என்கிற மாநில அரசியல் சட்டத் திருத்தம் அதன் கையைக் கட்டிவிட்டது. பொதுவான விகிதம் 1 சதவீதம், கட்டடம் கைமாறாதவரை வரிக்கான மதிப்பு வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. அதனால்தான் கட்டடத்தை விட்டுவிட்டு அதில் வருகிற வாடகையைப் பிடித்தார்கள். வாடகை வரவில் 3.5 சதவீதம், கிடங்கு என்றால் 1 சதவீதம். வருஷத்துக்கு 20 லட்சம் டாலர் அலுவலக வாடகை வாங்குகிறவர் 70,000 கட்டுவார். சின்ன உரிமையாளர்களுக்கு விலக்கு உண்டு. வசூலில் 85 சதவீதம் குழந்தைகளுக்கு, மீதி நகரத்தின் பொதுச் செலவுக்கு. கட்டட முதலாளி இதை வாடகைக்காரர் தலையில்தான் கட்டுவார் என்று எதிர்த்தவர்கள் சொன்னார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது என்பது என் எண்ணம். ஆனால் அதற்காக வரியே கூடாது என்றால் எந்த வரியும் நிற்காது.

ஜெயித்தாயிற்று, பணம் வந்ததா? அங்கேதான் எனக்கு இன்னும் எரிச்சல். ஹோவர்ட் ஜார்விஸ் வரிசெலுத்துவோர் சங்கமும் கட்டட உரிமையாளர் அமைப்புகளும் வழக்குப் போட்டன. நார்மன் யீ என்ற நகரசபை உறுப்பினர் இந்த மனுவில் முன்னால் நின்றார், ஆகவே இது மக்கள் மனுவே இல்லை, மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்பது அவர்கள் வாதங்களில் ஒன்று. 2019-இல் நகரம் ஜெயித்தது, 2021 ஜனவரியில் மேல்முறையீட்டிலும் ஜெயித்தது, அந்த ஏப்ரலில் மாநில உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவே மறுத்தது. இத்தனை காலமும் வரி வசூலாகிக்கொண்டே இருந்தது, பணம் பூட்டில் கிடந்தது. ஓட்டு நடந்தபோது இரண்டு வயதாக இருந்த குழந்தை, பூட்டைத் திறக்கும்போது கிண்டர்கார்டன் பையை மாட்டிக்கொண்டு நின்றது.

அந்தக் காலத்தில் என் மகள் போன டேகேரில் ஒரே வருஷத்தில் மூன்று ஆசிரியைகள் மாறினார்கள். நான் கட்டியதோ வீட்டு வாடகைக்குப் பக்கத்தில் வருகிற தொகை. முதல் ஆசிரியை போன மறுநாள் காலையில் இவள் அந்த அம்மாவின் ஏப்ரன் மாட்டியிருந்த கொக்கியைப் பிடித்துக்கொண்டு நகர மாட்டேன் என்றாள். எங்கே போனார்கள் என்று விசாரித்தால், சூப்பர்மார்க்கெட் வேலைக்கு, அங்கே சம்பளம் கூடுதலாம். பெற்றோர் கட்டுவதும் தாங்கவில்லை, ஆசிரியை வாங்குவதும் பற்றவில்லை, நடுவில் ஒரு பள்ளம், அதை இரண்டு பக்கத்திலிருந்தும் நிரப்ப முடியாது. 2022-இல் நகரம் இந்தப் பணத்தில் ஆசிரியைகளின் சம்பளத்தை ஏற்றத் தொடங்கியபோது எனக்கு அந்தக் கொக்கிதான் ஞாபகம் வந்தது.

அலமேடாக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. 2020 மார்ச்சில் இந்த முறை கையெழுத்து வாங்கி வந்தார்கள், கிடைத்தது 64 சதவீதம், முன்பு தோற்றதைவிடக் குறைவு, ஆனால் வெற்றி! அப்புறம் அங்கேயும் வழக்கு, அங்கேயும் பூட்டு.

ஒரு பலவீனத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், எதிர்த்தரப்பு இங்கே இல்லை என்பதால் அதை விழுங்கிவிட்டுப் போவது சரியல்ல. வாடகை வந்தால்தானே வரி. கோவிட்டுக்குப் பிறகு சான் ஃபிரான்சிஸ்கோ அலுவலக இடத்தில் 30 சதவீதத்துக்கு மேல் காலியாகக் கிடந்தது. மார்க்கெட் தெருவில் நடந்து பாருங்கள், கண்ணாடிக்குப் பின்னால் வெறும் தரைவிரிப்பும் ஒரு வாடகைப் பலகையும்தான், அந்த மாடி இந்த நிதிக்கு ஒரு காசு தராது.