ஆம்பியர் முள் நடுவுக்கு வரட்டும்

எல்லாருக்கும் வணக்கம். மெக்கானிக்கல் படிக்கிற பிள்ளைகளிடம் பேசவேண்டும் என்று கூப்பிட்டார்கள், நான் படித்ததோ காமர்ஸ். 35 வருஷமாகப் பழைய புல்லட் மோட்டார் சைக்கிள்களைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருக்கிறேன், அந்தத் தைரியத்தில்தான் மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

இந்தப் பைத்தியம் தாய்மாமாவிடமிருந்து ஒட்டியது. ராணுவ ஏலத்தில் எடுத்த ஒரு புல்லட் 350 அவரிடம் இருந்தது, அதை அவர் ஸ்டார்ட் பண்ணுகிற அழகைப் பார்க்கவே காலையில் சீக்கிரம் எழுந்துவிடுவேன். பெட்ரோல் காக்கைத் திறப்பார், சாவியைத் திருப்புவார், ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கிற குட்டி ஆம்பியர் மீட்டரைப் பார்த்தபடியே கிக்கரை மெல்ல அழுத்துவார். பாயிண்ட் என்பது மின்சாரத்தைச் சேர்த்துப் பிரிக்கிற குட்டி சுவிட்ச். அது சேர்ந்திருக்கும்போது, தீப்பொறிக்கான காயில் மின்சாரத்தை இழுக்கும், முள் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். பிஸ்டன் ஏறி, பாயிண்ட் திறக்கிற நொடியில் முள் நடுவுக்கு வந்துவிடும். அங்கே நிறுத்தி, சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடுகிற டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை ஒரு துளி தள்ளி, லீவரை விட்டு, கிக்கர் மேலே வந்ததும் ஒரே உதை. பனியன், லுங்கி, காலில் மட்டும் பூட்ஸ்!

பூட்ஸ் எதற்கு என்று காலேஜ் படிக்கும்போது தெரிந்தது. அவர் ஊரில் இல்லாத நாளில் செருப்போடு போய் அரைமனதாக உதைத்தேன், கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்கால் மூன்று வாரம் வீங்கிக் கிடந்தது. மாமா திட்டவில்லை, தீப்பொறி விழும் நேரத்தைத் தீர்மானிக்கிற டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிக் காட்டினார். உள்ளே இரண்டு சின்ன எடைகள், அவற்றை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்குகள். எஞ்ஜின் வேகம் கூடக்கூட எடைகள் விரிந்து தீப்பொறியை முன்னாலேயே விழவைக்கும். எங்கள் வண்டியில் ஸ்பிரிங் தளர்ந்து, எடைகள் விரிந்தபடியே துருவில் சிக்கியிருந்தன. அதனால் உதைக்கும்போதே பொறி முந்திவிட்டது, பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே அதைக் கீழே தள்ளிவிட்டது. நானோ பிளக்கில்தான் கோளாறு என்று முந்தின நாளே புதுசு மாற்றி வைத்திருந்தேன்.

கொஞ்சம் பழங்கதை. இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்த வண்டி இது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் அந்த ஊர் ராயல் என்ஃபீல்டு கம்பெனியோடு கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது, அப்புறம் திருவொற்றியூரில் தொழிற்சாலை. இங்கிலாந்தில் வடிவத்தை மாற்றிக்கொண்டே போனார்கள், கடைசியில் 1967-ல் ரெட்டிச் தொழிற்சாலையே மூடப்பட்டது. நாம் 1955 வடிவத்தைப் பெரிதாகக் கைவைக்காமல் செய்துகொண்டே இருந்தோம், 1977-ல் அதையே இங்கிலாந்துக்குத் திருப்பி ஏற்றுமதி செய்தோம். சோம்பேறித்தனம் என்று சிலர் சொல்வார்கள், சொல்லட்டும். பழைய வண்டிக்கு இன்றைக்கும் சென்னை புதுப்பேட்டையில் சாமான் கிடைக்கிறதே, அது அந்தச் சோம்பேறித்தனத்தின் புண்ணியம்.

அதில் ஒரு வம்பும் இருக்கிறது. எண்பதுகளில் வந்த வண்டிக்கு மெரூன் பெயிண்ட் அடித்து, பழைய சீட்டை மாட்டி, அறுபதுகளின் வண்டி என்று விற்றுவிடுவார்கள். எஞ்ஜின் நம்பரையும் ஃப்ரேம் நம்பரையும் ஆர்.சி. புக்கோடு ஒத்துப் பார்க்காமல் பத்து ரூபாய் அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள்.

சரி, என் பாவக்கதைக்கு வருகிறேன். மாமா போன பிறகு அவர் வண்டி என்னிடம் வந்தது. புதுசாக்கிவிடவேண்டும் என்ற வெறியில் ஒரு பட்டறையில் விட்டேன். டேங்க்கில் கையால் இழுத்த தங்கக் கோடுகள் பாதி அழிந்திருந்தாலும் இருந்தன. சுரண்டிவிட்டு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். 70 மில்லிமீட்டர் போர், அதாவது உள்விட்டம், கம்பெனி அளவிலேயே இருந்த சிலிண்டர், ரிங் மாற்றினால் போதும் என்ற நிலையில் இருந்ததை, லேத்தில் கொடுத்து போர் பண்ணிப் பெரிய பிஸ்டன் போட்டுவிட்டார்கள். கேட்காமல் செய்தார்கள் என்று கோபப்பட்டேன், ஆனால் "எல்லாத்தையும் புதுசாக்கிடுங்க" என்று சொன்ன வாய் என்னுடையதுதானே. கடைந்தெடுத்த இரும்பு திரும்பி வராது. மாமாவின் முழங்கால் உரசி உரசிப் பெயிண்ட் தேய்ந்த இடமும் டேங்க்கில் இருந்தது, அதுவும் போச்சு.

அப்புறம் எடுத்த எந்த வண்டியையும் முதல் மாதம் நான் பிரிப்பதில்லை. துடைப்பேன், எண்ணெய் மாற்றுவேன், ஓட்டிப் பார்ப்பேன். எண்ணெய் ஒழுகாத புல்லட் என்றால் உள்ளே எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம் என்பார்கள் பழைய மெக்கானிக்குகள். சிரித்துவிட்டு விட்டுவிடாதீர்கள், பல வண்டிகளில் குற்றவாளி பிரீதர் குழாய் நுனியில் இருக்கிற வாத்து மூக்கு மாதிரியான ரப்பர். பிஸ்டன் இறங்கும்போது உள்ளே சேருகிற அழுத்தத்தை வெளியே விட்டு, காற்று திரும்பி நுழையாமல் மூடிக்கொள்ள வேண்டியது அது. விறைத்துப்போனால் சரியாக வேலை செய்யாது, அழுத்தம் சீல் வழியாக எண்ணெயைத் தள்ளும். அதைப் பார்க்காமல் எஞ்ஜினை இறக்கி கேஸ்கெட் கேஸ்கெட்டாக மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் மாமா வண்டி நிற்கிறது. கியர் வலதுகாலில், மேலே ஒன்று, கீழே மூன்று, பிரேக் இடதுகாலில். ஓட்டத் தருவதாக இல்லை, பிரின்சிபால் சார் முறைக்கிறார். முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க ஆசை இருப்பவர்கள் வரிசையில் வாருங்கள். செருப்புப் போட்டிருக்கிறவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் ஷூ கடன் வாங்கிக்கொண்டு வரவும்.