கிளாடோஸ் படிச்ச குக்கர் மேனுவல்: ரசனை அணி சார்பா என் பேச்சு

நடுவர் ஐயாவுக்கு வணக்கம். எதிர்ல உக்காந்து என்னையே மொறச்சிட்டு இருக்கற எதிரணிக்கு ரெண்டு வணக்கம், ஒண்ணு பத்தாது போல தெரியுது. லேட்டா வந்தவங்களுக்காக தலைப்ப ஒருதரம் சொல்லிடறேன். பழைய வீடியோ கேம் கேரக்டரோட குரல ஏஐ-ல வெச்சு ரசிகர்கள் பண்ற பகடி ரசனையா, திருட்டா. நான் ரசனை அணி. எனக்கு முன்னாடி பேசின எதிரணி அக்கா, "ஒருத்தர் தொண்டைய கேக்காம எடுத்தா திருட்டு, சிரிச்சுகிட்டே எடுத்தா சிரிப்புத் திருட்டு"ன்னு சொல்லி கைதட்டல் வாங்கிட்டு போயிட்டாங்க. நானும் தட்டினேங்க. தப்பா இருந்தாலும் கேக்க நல்லா இருந்துச்சு.

அக்காவுக்கு பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒரு கதை. 2007 அக்டோபர்ல வால்வ் கம்பெனி ஒரே டப்பாவுல அஞ்சு கேம் போட்டு வித்தாங்க, அதுல ஒண்ணு போர்ட்டல். அதுல வர்ற வில்லி ஒரு கம்ப்யூட்டர், பேரு கிளாடோஸ். உங்கள சாகடிக்கப் போறத ஆஸ்பத்திரி ரிசப்ஷன்ல டோக்கன் நம்பர் கூப்பிடற மாதிரி பதமா சொல்லும், முடிச்சா கேக் தரேன்னு வேற சொல்லும். கேமை எழுதிட்டு இருந்தப்ப டெஸ்ட்டுக்காக கம்ப்யூட்டர் தானா படிக்கற குரல்ல டயலாக்க போட்டு வெச்சிருந்தாங்க, எழுத்தைப் படிச்சுக் காட்டுமே, அந்த சாதா சாஃப்ட்வேர் குரல்தான். அது இவங்க எழுதினத விட சிரிப்பா இருந்திருக்கு. அதனால எல்லன் மெக்லெய்ன்னு ஒரு அம்மாவ கூப்பிட்டாங்க, அவங்க முறையா ஓபரா பாடறவங்க. அந்த மெஷின் படிக்கறத காதுல கேக்க வெச்சு, அதே மாதிரி பேசுங்கன்னு சொன்னாங்க. அவங்களும் பேசினாங்க. அதுதான் கிளாடோஸ்.

புரியுதுங்களா ஐயா? ஓபரா பாடற மனுஷி ஒருத்தி மெஷினுக்கு மிமிக்ரி பண்ணியிருக்காங்க. இப்ப மெஷின் அந்த மனுஷிக்கு மிமிக்ரி பண்ணுது. இதுல எது யாரோட தொண்டைன்னு பிரிக்கறதுக்கு எதிரணி ஒரு தராசு கொண்டு வரட்டும், நான் இங்கயே உக்காந்து வேடிக்கை பாக்கறேன்.

சரி, ரசிகன் இதுல என்ன பண்றான்? நான் பண்ணதையே சொல்றேன். 2020 மார்ச்சுல 15.ஏஐ-னு ஒரு சைட் வந்துச்சு, இலவசம், பேர் சொல்லாத ஒருத்தர் நடத்தினாரு. கிளாடோஸ், அதே வால்வோட டீம் ஃபோர்ட்ரஸ் 2-னு ஒரு துப்பாக்கி கேம்ல வர்ற ஆளுங்க, இன்னும் சில கார்ட்டூன் கேரக்டர்னு லிஸ்ட் இருக்கும், ஒருத்தர செலக்ட் பண்ணி இங்கிலீஷ்ல டைப் பண்ணா அந்த குரல்ல பேசும். நடுவுல ஒரு செங்குத்து கோடு போட்டு அதுக்கப்புறம் வேற ஒரு வாக்கியம் எழுதலாம், அந்த ரெண்டாவது வாக்கியம் சோகமா இருந்தா முதல் வாக்கியத்த சோகமா சொல்லும், கோவமா இருந்தா கோவமா. லாக்டவுன்ல வீட்ல பொழுது போகல, எங்கம்மா புதுசா வாங்கின பிரஷர் குக்கர் மேனுவல எடுத்தேன், அதுல இருக்கற எச்சரிக்கை எல்லாத்தையும் அப்படியே டைப் பண்ணி கிளாடோஸ படிக்க விட்டேன். "மூடிய பலவந்தமா திறக்காதீர்கள்"னு அது சொன்ன விதம் இருக்கே, நான் திறக்கப் போறேன்னு அதுக்கு முன்னாடியே தெரியும், திறந்தா என்ன ஆகும்னும் தெரியும், அத பாக்கறதுக்குதான் அது வெயிட் பண்ணுதுன்னு தோணிச்சு. அன்னையிலேர்ந்து எங்க வீட்ல குக்கர் விசில் அடிச்சா நான் ரெண்டடி தள்ளிதான் நிக்கறேன்.

இது ஏன் சிரிப்பு வருது? ஒரிஜினல்ல அந்த கேரக்டர் பேசறதே சேஃப்டி மேனுவல் தொனிதான். குக்கர் மேனுவலுக்கும் அதுக்கும் ஒரு பொருத்தம் இருக்குன்னு கண்டுபிடிக்கணும்னா கேம ஆடியிருக்கணும், காது குடுத்து கேட்டிருக்கணும். ஆடாத ஆளுக்கு போட்டுக் காட்டினா "யாரோ ஒரு பொம்பள குக்கர் பத்தி பேசுது"ம்பாங்க. எங்கம்மா அதான் சொன்னாங்க.

எதிரணி அக்கா இன்னொரு பாயிண்ட் சொன்னாங்க, மிமிக்ரி கலைஞன் தொண்டை கிழிய பழகறான், இது வெறும் பட்டன்னு. பட்டன்தாங்க. ஆனா முதல் தடவ அமுக்கினா ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி வரும். கமாவ இங்க போட்டு அங்க போட்டு, ஒரு வார்த்தைய வேணும்னே தப்பு ஸ்பெல்லிங்ல எழுதி, முப்பது தடவ அமுக்கி, அதுல ஒண்ணுல அந்த சின்ன இழுப்பு சரியா விழும் பாருங்க, அதுக்குதான் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்திருக்கறது. எந்த இழுப்பு சரி, எது தப்புன்னு யாரு முடிவு பண்றா? மெஷினா? அதுக்கு எல்லாமே ஒண்ணுதான். ரசிகனோட காதுதான் முடிவு பண்ணுது. அந்த காத சாதாரணமா நினைக்காதீங்க. 2023 ஜூன்ல நின்டெண்டோ புது மரியோ கேம் டிரெய்லர் விட்டப்ப குரல் மாறிடுச்சுன்னு கம்பெனி ஒரு வார்த்தை சொல்லல, ரசிகர்கள்தான் நாலு சத்தம் கேட்டுட்டு இது மரியோவுக்கு வழக்கமா குரல் குடுக்கற சார்லஸ் மார்டினே மாதிரி இல்லையேன்னு கெளப்பினாங்க. ஆகஸ்ட்லதான் அவரு அதுலேர்ந்து விலகறார்னு அறிவிப்பே வந்துச்சு.

கேம் கேரக்டருக்குதான் இந்த பகடி இவ்வளவு வருது, அதுக்கும் ஒரு காரணம் இருக்கு. சினிமாவுல டயலாக் மேல மியூசிக்கு, மழை, ஹாரன் எல்லாம் ஒட்டிகிட்டு வரும். கேம்ல ஆடறவன் எப்ப எங்க நிப்பான்னு தெரியாது, அதனால ஒவ்வொரு வசனமும் தனித்தனி ஃபைலா, பின்னணி சத்தமே இல்லாம, ஃபோல்டருக்குள்ள கெடக்கும். இதத் தோண்டி எடுத்து விளையாடறது ஏஐ வந்தப்புறம் ஆரம்பிச்ச பழக்கம்னு நினைச்சுக்காதீங்க. 1998-ல வந்த ஹாஃப்-லைஃப்ல அந்த ஆராய்ச்சி நிலையத்து மைக் அறிவிப்பு இருக்கே, அது வார்த்தை வார்த்தையா வெட்டி வெச்ச ஃபைல், எந்த வார்த்தைக்கு அப்புறம் எந்த வார்த்தைங்கறது ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்ல இருக்கும், நோட்பேட்ல திறந்து மாத்திடலாம். பிலிப்ஸ் சிடி-ஐ-னு ஒரு மெஷினுக்கு 90கள்ல வந்த மரியோ, செல்டா கேமுங்க ரொம்ப மட்டம், ஆனா அதுல வர்ற கார்ட்டூன் சீன்கள ரசிகர்கள் எழுத்து எழுத்தா வெட்டி, ஒட்டி, வேற வாக்கியம் பேச வெச்சு யூடியூப்ப நெறச்சாங்க. ஒரு வாக்கியத்துக்கு ஒரு வாரம் ஆகும். அப்ப யாரும் திருட்டுன்னு சொல்லல. கத்தரிக்கோல்ல வெட்டினா கலை, கம்ப்யூட்டர் வெட்டினா களவா?

இப்ப திருட்டுன்னா எப்படி இருக்கும்னு நானே காட்டறேன், எதிரணிக்கு வேலை மிச்சம். 2022 ஜனவரி. வாய்ஸ்வெர்ஸ்னு ஒரு கம்பெனி, குரல என்எஃப்டி-யா, அதாவது இது உன் சொத்துன்னு டிஜிட்டல் பத்திரம் போட்டு, விக்கறோம்னு கெளம்பினாங்க, டிராய் பேக்கர்னு கேம் உலகத்துல பெரிய குரல் நடிகர், அவரும் கூட சேந்தாரு. அவங்க டெக்னாலஜின்னு பெருமையா போட்டுக் காட்டின சாம்பிள் குரல் எங்கேர்ந்து வந்துச்சு தெரியுமா? இதே 15.ஏஐ-லேர்ந்து எடுத்தது, அடையாளம் தெரியாம இருக்க குரல கொஞ்சம் உசத்தி விட்டிருந்தாங்க. 15.ஏஐ-ல முக்கியமான ரூல் ரெண்டு, காசு பாக்காத, எங்கேர்ந்து எடுத்தன்னு பேர் போடு. சைட் நடத்தினவர் யாரு எப்ப என்ன டைப் பண்ணாங்கன்னு பதிவாகற லாக் ஃபைல எடுத்து போட்டாரு, கம்பெனி ஒத்துகிட்டாங்க, மாசம் முடியறதுக்குள்ள பேக்கரும் விலகிட்டாரு. இதுதான் திருட்டு ஐயா. இவங்க மறைச்சாங்க. பகடி பண்றவன் மறைக்கவே முடியாது, இது கிளாடோஸ்னு கேக்கறவனுக்கு தெரியலன்னா ஜோக்கே செத்துடும்.

எதிரணி தம்பி அந்த ஸ்டிரைக்க எடுத்துட்டு வந்தான். 2024 ஜூலை 26-ல அமெரிக்காவுல சாக்-ஆஃப்ட்ரா சங்கத்து கேம் நடிகர்கள் வேலை நிறுத்தம் ஆரம்பிச்சாங்க, கிட்டத்தட்ட பதினோரு மாசம் போச்சு, முக்கியமான சண்டை ஏஐ பத்திதான். உண்மை. அந்த சங்கத்துக்கு என் ஆதரவு, இந்த மேடையில வெச்சே சொல்றேன். ஆனா தம்பி, அவங்க யார எதிர்த்து ஸ்டிரைக் பண்ணாங்க? குக்கர் மேனுவல் படிக்க வெச்ச என்னையா? கேம் கம்பெனிங்கள. குரல காப்பி எடுக்கணும்னா சம்மதம் வாங்கு, காசு குடுன்னு கேட்டாங்க. 2025 மே மாசம் ஃபோர்ட்நைட்னு ஒரு கேம்ல ஸ்டார் வார்ஸ் பட வில்லன் டார்த் வேடர் வந்து பிளேயரோட நேரா பேசினாரே, படத்துல அவருக்கு குரல் குடுத்த மறைந்த ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸோட குரல், ஏஐ-ல பண்ணது, குடும்பத்தோட அனுமதியோட. அப்பவும் சங்கம் புகார் குடுத்துச்சு, அதுவும் கம்பெனி மேலதான், எங்ககிட்ட பேசாம நடிகர் செய்ய வேண்டிய வேலைய மெஷினுக்கு குடுத்துட்டீங்கன்னு. ரசிகர்கள் அதுல என்ன பண்ணாங்கன்னு கேட்டா, வந்த அன்னைக்கே வேடர கெட்ட வார்த்தை பேச வெச்சுட்டாங்க, கம்பெனி ஓடி வந்து பேட்ச் போட்டுச்சு. இதுக்கு மேல நான் விளக்கம் குடுக்கல.

நம்ம ஊரு உதாரணமும் அக்கா சொன்னாங்க, 2024-ல ஏ.ஆர்.ரஹ்மான் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ரெண்டு பேரோட குரலையும் ஏஐ-ல பாட வெச்சப்ப குடும்பத்துகிட்ட கேட்டு, பணமும் குடுத்தாருன்னு. அது விக்கற பாட்டுக்கா. சம்பாதிக்கற எடத்துல பங்கு குடுக்கறது நியாயம். என் குக்கர்ல பங்கு வேணும்னா எங்கம்மாகிட்டதான் கேக்கணும், அவங்க பருப்புதான் குடுப்பாங்க.

ஆனா ஒரு எடத்துல நான் கொஞ்சம் நின்னு பேசணும், ஏன்னா அக்கா அத சொன்னப்ப ஹால்ல சிரிப்பு சத்தம் அடங்கிச்சு. ரிக் மே. டீம் ஃபோர்ட்ரஸ் 2-ல சோல்ஜர், அந்த ஹெல்மெட் கண்ண மறைக்க கத்திகிட்டே இருப்பாரே, அவரோட குரல். 2020 ஏப்ரல்ல கொரோனாவுல போயிட்டாரு. அவர் குரல்ல இன்னைக்கு ஜோக் பண்றது அசிங்கம் இல்லையான்னு கேட்டாங்க. எனக்கும் இதுல கூச்சம் உண்டுங்க, பொய் சொல்ல மாட்டேன். அவர் வாயில வேணும்னே ஆபாசத்தையோ அரசியல் வெறுப்பையோ வெக்கறவன நான் ரசிகன் கணக்குல சேத்துக்க மாட்டேன். 2023 பிப்ரவரியில குரல் நடிகர்களோட குரலையே காப்பி எடுத்து, அவங்க வீட்டு அட்ரஸ அவங்க குரல்லயே படிக்க வெச்சு மிரட்டினாங்களே, அது பகடியே கிடையாது, அது போலீஸ் கேஸு. அத எங்க அணி தலையில கட்டாதீங்க.

ஆனா ரிக் மேவ யாரு இன்னைக்கும் உயிரோட வெச்சிருக்கா? 1997-ல ஸ்டார் ஃபாக்ஸ் 64-ல பெப்பின்னு ஒரு முயலுக்கும் அவருதான் குரல். "டூ எ பேரல் ரோல்"னு ஒரு வரி, கேம்ல ஓரமா வந்துட்டு போற டிரெயினிங் வசனம். ரசிகர்கள் அத கேலி பண்ணி கேலி பண்ணி, 2011-ல கூகுள்ல அந்த வரிய டைப் பண்ணா ஸ்கிரீனே ஒரு சுத்து சுத்தற அளவுக்கு கொண்டு போனாங்க. அத பகடிதான் பண்ணுச்சு. அவர் போனப்புறம் 2020 மே 1-ல வால்வ் கேமுக்குள்ள சோல்ஜர் சல்யூட் அடிக்கற மாதிரி சிலை வெச்சாங்க, பக்கத்துல போனா அவரோட பழைய வசனம் கேக்கும். சண்டை போட்டுட்டு இருந்தவன் துப்பாக்கிய கீழ போட்டுட்டு அந்த சிலை முன்னாடி நின்னான். இறந்தவர் ஞாபகத்துக்கு மெழுகுவர்த்திதான் ஏத்தணும்னு இல்லங்க, எங்க பெரியப்பா காரியத்துல அவர் மாதிரியே தும்மிக் காட்டினவர பாத்துதான் பெரியம்மா மொத மொதல்ல சிரிச்சாங்க.

மணி ஒண்ணு அடிச்சாச்சு, தெரியுதுங்க ஐயா, முடிச்சுடறேன்.

பட்டிமன்றம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பின்னாடி ரூம்ல எல்லாரும் டீ குடிச்சுட்டு இருந்தோம். எங்க அணி தங்கச்சி ஃபோன்ல ஒரு கிளிப் போட்டா, சோல்ஜர் குரல்ல அபார்ட்மென்ட் அசோசியேஷன் பார்க்கிங் ரூல்ஸ். கதவுகிட்ட எங்களுக்கு முதுக காட்டி நின்னு பஜ்ஜி சாப்ட்டுட்டு இருந்த எதிரணி தலைவர் அண்ணன் திரும்பி கூட பாக்கல, ரெண்டாவது வார்த்தையிலயே "டேய் சோல்ஜர்டா"ன்னு சொல்லிட்டு சிரிச்சு சிரிச்சு பஜ்ஜி புரையேறி, நான்தான் முதுகுல தட்டி விட்டேன். அண்ணே, அடுத்து நீங்கதான் பேசப் போறீங்க. திருட்டுன்னு தாராளமா பேசுங்க. ஆனா மைக்க பிடிச்சதும் முதல்ல கேம் வாங்கி ஆடற ஸ்டீம் அக்கவுண்ட்ட திறந்து, டீம் ஃபோர்ட்ரஸ் 2-க்கு நேரா எத்தனை மணி நேரம்னு ஒரு நம்பர் காட்டுமே, அத மட்டும் சபைக்கு படிச்சு காட்டிட்டு ஆரம்பிங்க.