பாசி டீசல் நம் தீவுக்கு ஒத்துவருமா?

நேயர்களுக்கு வணக்கம். பாசியிலிருந்து டீசல் எடுக்கலாமாமே, நமக்கு அது ஒத்துவருமா என்று நிலையத்தார் கேட்டார்கள். எடுக்கலாம். என்ன செலவில் என்பதுதான் கேள்வி.

மொரிஷியஸில் எண்ணெய்க் கிணறு கிடையாது. பஸ்ஸுக்கும் லாரிக்கும் ஊற்றுகிற டீசல் முழுவதும் கப்பலில் வருகிறது. 2020-இல் வாகாஷியோ கப்பல் பவளத்திட்டில் ஏறி, ஏறத்தாழ 1000 டன் எண்ணெய் கடலில் கலந்தபோது, கரும்புச் சோகையை அடைத்துத் தடுப்பு செய்தோமே, மறக்குமா? எரிபொருளை உள்ளூரிலேயே விளைவிக்கலாம் என்று யாராவது சொன்னால் ஆசை வரத்தான் செய்யும்.

நுண்பாசி என்பது கண்ணுக்குத் தெரியாத உயிர். வெயில், கரியமில வாயு, கொஞ்சம் தழைச்சத்து, மணிச்சத்து இருந்தால் வளரும். சில வகைகளுக்கு உப்புநீரே போதும், கரும்பு நிலத்தைத் தொட வேண்டாம். உலர்ந்த எடையில் கால் பங்கு கொழுப்பு வைக்கிற வகைகள் உண்டு. அந்தக் கொழுப்பை மெத்தனாலோடு வினைபுரிய விட்டால் பயோடீசலும் கிளிசரினும் கிடைக்கும்.

சரி, தண்ணீருக்கு வருவோம். திறந்த குளத்தில் லிட்டருக்கு அரை கிராம் பாசி என்பது வழக்கமான விளைச்சல். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு லிட்டர் எண்ணெய்க்குச் சுமார் 7000 லிட்டர் நீரிலிருந்து பாசியைப் பிரிக்க வேண்டும். வடிகட்ட, சுழற்ற, உலர்த்த மின்சாரம் வேண்டும். நம் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலும் எண்ணெயிலும் வருவது! இன்னொரு வம்பு: தழைச்சத்தைக் குறைத்துப் பட்டினி போட்டால்தான் பாசி கொழுப்பு சேர்க்கும், ஆனால் அப்போது வளர்ச்சி படுத்துவிடும்.

அமெரிக்க அரசு 1978 முதல் 1996 வரை 3000-க்கும் மேற்பட்ட பாசி வகைகளைத் திரட்டி ஆராய்ந்து, பெட்ரோலிய விலையோடு போட்டி போட முடியாது என்று நிறுத்தியது. 2009-இல் இறங்கிய பெரிய எண்ணெய் நிறுவனமான எக்ஸான்மொபில் 2023-இல் விலகியது. பணமில்லாதவர்கள் கைவிட்ட வேலையல்ல இது. பக்கத்து ரெயூனியனில் போர்-எஸ்ட் மின்நிலையம் இப்போது ரேப்சீட் என்கிற கடுகு இன விதையின் எண்ணெயிலிருந்து செய்த எரிபொருளில் ஓடுகிறது. அதுவும் கப்பலில்தான் வருகிறது. நமக்குப் புயல் வேறு இருக்கிறது. 2024 ஜனவரியில் பெலால் வந்தபோது போர்ட் லூயி தெருக்களில் கார்களை வெள்ளம் அடித்துப் போனது. திறந்த குளத்துப் பாசி அன்று எங்கே இருந்திருக்கும்?

என்னைக் கேட்டால், டீசலுக்காகப் பாசி வளர்க்க வேண்டாம், கழிவுநீரைச் சுத்தம் செய்ய வளர்க்கலாம். தழைச்சத்தும் மணிச்சத்தும் அங்கே சும்மா கிடைக்கின்றன. பாசி உறிஞ்சாவிட்டால் அவை கடலுக்குத்தான் போய்ச் சேரும். சர்க்கரை ஆலைப் பக்கம் குளம் வெட்டினால் கரும்புச் சக்கை எரிகிற புகையின் கரியமில வாயுவும் உதவும். ஒரு கிலோ உலர்ந்த பாசி வளர அந்த வாயு சுமார் 1.8 கிலோ வேண்டும். அறுத்த பாசியை உலர்த்தாமலே மூடிய தொட்டியில் நொதிக்க விட்டு எரிவாயு எடுக்கலாம். செலவில் பெரிய பங்கு அதிலேயே மிச்சமாகும்.

பஸ்ஸுக்கு மின்சாரம் இருக்கிறது, மெட்ரோ ஏற்கெனவே அதில்தான் ஓடுகிறது. தொலைதூர விமானத்துக்குத்தான் பேட்டரி எடை தாங்காது. பாசி எண்ணெய் என்றாவது விலை குறைந்தால் முதலில் வாங்கப்போவது விமான நிறுவனங்கள்தான்.