மேல போகப் போக முதல்ல குறையுது, அப்புறம்தான் ஏறுது

[காட்சி: காசிமேட்டில் ஒரு மொட்டை மாடி, சாயங்காலம். கைப்பிடிச் சுவர்மேல் விரித்த உள்ளங்கை.]

இந்தக் கையைப் பாருங்க. நொடிக்கு ஒண்ணாவது மியூவான்னு ஒரு துகள் இதுக்குள்ள பாய்ஞ்சு, தளத்தையும் துளைச்சுக்கிட்டு கீழ்வீட்டுக்குப் போயிட்டிருக்கு. எல்லாம் வானத்துல இருந்து வர்ற சரக்கு, விண்கதிர்னு பேரு.

ஆனா நூறு வருஷத்துக்கு முன்னாடி, கதிர்வீச்சு மண்ணுல இருந்து மட்டும்தான் வருதுன்னு நினைச்சாங்க. 1912 ஆகஸ்ட் 7. ஆஸ்திரியாக்காரர் விக்டர் ஹெஸ், கருவிகளோட ஹைட்ரஜன் பலூன்ல 5,300 மீட்டர் ஏறினார். முதல்ல அளவு குறைஞ்சுது. மண்ணு தூரமாகுது இல்ல! ஒரு கிலோமீட்டர் தாண்டினதும் திரும்ப ஏற ஆரம்பிச்சுது. அஞ்சு கிலோமீட்டர்ல தரையில இருந்ததைப் போல ரெண்டு மடங்கைத் தாண்டிடுச்சு. 1936-ல நோபல் பரிசு.

[காட்சி: தெருவோரம் கேரம் போர்டு. ஸ்ட்ரைக்கர் முதல் அடி அடிக்கிறது, மெதுவோட்டத்தில்.]

ஏன் ஏறுதுன்னு கேரம் போர்டுல பாருங்க. விண்வெளியில இருந்து வர்ற புரோட்டான்தான் ஸ்ட்ரைக்கர். காத்துல இருக்கிற அணுக்கருவுல மோதினதும் காய்ங்க சிதறுது. சிதறின காய் இன்னும் நாலு காயை அடிக்குது. இந்தச் சிதறல் உச்சத்துக்குப் போறது 18, 20 கிலோமீட்டர் உயரத்துல. அதுக்கும் மேல போனா எண்ணிக்கை குறையும், மோதறதுக்குக் காத்தே இல்லையே! எனக்குப் பிடிச்ச இடம் இதுதான். கீழயும் குறையும், அது வேற கதை: நம்ம தலைக்கு மேல இருக்கிற காத்தோட எடை பத்து மீட்டர் தண்ணிக்குச் சமம். இந்த மூணு மாடி உயரத்துக்குத் தண்ணி நிக்கிற மாதிரி. பெரும்பாலான துகள் அதுலயே அடங்கிடும், மியூவான் மட்டும் தப்பி வரும்.

[காட்சி: தலைக்கு மேல் ஒரு விமானம்.]

அது பறக்கிற 10, 12 கிலோமீட்டர்ல விண்கதிர் அளவு தரையைப் போல பல பத்து மடங்கு. ஆனா எல்லா ஊர் வானமும் ஒண்ணு இல்ல. 1936-ல அமெரிக்க விஞ்ஞானி மில்லிகனோட குழு இதே மெட்ராஸ்ல கருவி கட்டின பலூனை விட்டு அளந்தாங்க. வடக்கத்தி நாடுகளை விட இங்க ரொம்பக் கம்மி. பூமியோட காந்தப்புலம் இங்க படுக்கைவசமா இருக்கு. சுமார் 1,500 கோடி எலக்ட்ரான் வோல்ட் சக்தி இல்லாத புரோட்டான் நேரா கீழ வர முடியாது, டோல்கேட்லயே திருப்பி அனுப்பிடும். துருவத்துல அந்த டோல்கேட் இல்ல. அதனால அந்தப் பக்கமா அமெரிக்கா போற விமானத்துல, இங்கிருந்து சிங்கப்பூர் போறவங்களை விட ஒரு மணி நேரக் கணக்குல ரெண்டு மூணு மடங்கு அதிகம் வாங்குவாங்க.