அரிசி தின்றால் சோகை வருமா?

நேயர்களுக்கு வணக்கம்.

உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஓர் அம்மா தன் மருமகளை என்னிடம் கூட்டி வந்தார். உட்காருவதற்குள் புகார். "டாக்டரம்மா, இவ எந்நேரமும் அரிசிப் பானைக்குள்ளயே கைய விட்டுக்கிட்டுக் கெடக்கா. உலை வைக்கிறதுக்குள்ள ரெண்டு பிடி வாய்க்குள்ள போயிருது. அரிசி தின்னா சோகை பிடிக்கும்னா கேக்குறாளா? இப்பப் பாருங்க, வெளுத்துப் போயிட்டா." மருமகள் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு நின்றார்.

மதுரை வட்டாரத்தில் இந்தப் பேச்சு விழாத வீடு குறைவு. நடப்பதோ பெரும்பாலும் நேர்மாறு. உடம்பில் இரும்புச்சத்து குறைந்த பிறகுதான் அந்த ஆசை வருகிறது. சிலருக்கு அரிசி, சிலருக்குச் சாம்பல், சிலேட்டுக்குச்சி, செங்கல் பொடி, திருநீறு. இப்போதெல்லாம் ஃபிரிட்ஜைத் திறந்து ஐஸ் கட்டியைக் கடிக்கிறவர்களும் வருகிறார்கள். சத்து மாத்திரை தொடங்கினால், ரத்தம் ஏறுவதற்கு முன்பே, பலருக்கு ஓரிரு வாரத்தில் ஆசை விட்டுப்போகிறது. அதைக் கெட்ட பழக்கம் என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

அந்தப் பெண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். சிவந்திருக்க வேண்டிய இடம் உரித்த பூண்டு மாதிரி இருந்தது. நகங்கள் குழிந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் தேங்கி நிற்கும் போல. தண்ணீர்க் குடம் தூக்கினால் மூச்சு வாங்குகிறது என்றார். ஹீமோகுளோபின் 7. பெண்களுக்கு 12, கர்ப்பிணிகளுக்கு 11, ஆண்களுக்கு 13. இதற்குக் கீழே போனால் சோகை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வில், நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 57 பேருக்குச் சோகை இருந்தது.

ரத்தம் எங்கே போகிறது? மாமியாரை வெளியே உட்காரச் சொன்ன பிறகுதான் அந்தப் பெண் வாய் திறந்தார். மாதவிலக்கு எட்டு நாள்; இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டியிருக்கிறது; கட்டி கட்டியாகப் போகிறது. இதைச் சொல்லவே கூச்சம். விடியுமுன்னே மல்லிகைத் தோட்டத்தில் மொட்டுப் பறிக்கிற வேலை, காலில் செருப்பில்லை. கொக்கிப்புழு ஈர மண்ணிலிருந்து பாதத்தின் தோலைத் துளைத்துத்தான் உள்ளே போகிறது. பிறகு குடலைக் கவ்விக்கொண்டு ரத்தம் உறிஞ்சும். போதாததற்கு, சோறு தின்ற கையோடு டீ. டீயின் துவர்ப்பு, சாப்பாட்டில் உள்ள இரும்பை உடம்பில் ஒட்டவிடாது.

முருங்கைக்கீரை நல்லதுதான். ஆனால் 7ஐக் கீரையை வைத்தே 12 ஆக்குவது நடக்கிற காரியமில்லை, மாத்திரை வேண்டும். டீயோடும் பாலோடும் போடாதீர்கள். எலுமிச்சைச் சாறு நல்லது. மலம் கருப்பாகப் போகும். நிறையப் பேர் அதைப் பார்த்துப் பயந்துதான் நிறுத்திவிடுகிறார்கள். அளவு சரியான பிறகும் மூன்று மாதம் சாப்பிட வேண்டும். ஒன்று, மாத்திரைகளைக் குழந்தைகள் கையில் படாமல் வையுங்கள். மிட்டாய் என்று நினைத்து அள்ளித் தின்றால் உயிருக்கே ஆபத்து.

சீட்டை வாங்க மாமியார் கையை நீட்டினார். அந்த உள்ளங்கை மருமகளுடையதைவிட வெளுப்பு. விசாரித்தால், மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கி, இரண்டு வருடமாகத் தினமும் வலி மாத்திரை. "மலம் தார் மாதிரி போகுதாம்மா?" என்றேன். "அது ரொம்ப நாளாவே அப்பிடித்தான்."

இரும்பு மாத்திரை போடாதவருக்கு இப்படிப் போனால், இரைப்பையிலோ குடலிலோ ரத்தம் கசிகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். வலி மாத்திரை இரைப்பையைப் புண்ணாக்கும். ஆண்களுக்கும், மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் இரும்புச்சத்துக் குறைந்து சோகை வந்தால், கசிவு எங்கே என்று தேடாமல் சத்து மாத்திரையோடு விட்டுவிடக் கூடாது. சிலருக்குக் குடல் புற்றுநோய் முதலில் காட்டும் அடையாளமே அதுதான்.

ரத்தப் பரிசோதனைக்கும் எண்டோஸ்கோபிக்கும் எழுதிக் கொடுத்தேன். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எனக்கெதுக்கு டாக்டரம்மா இதெல்லாம்? நான் என்ன அரிசியா திங்கிறேன்?"

வணக்கம்.