பிள்ளை வளர்ந்துவிட்டால் வரிச்சலுகை போய்விடுமா?

நேயர்களுக்கு வணக்கம். வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். ஜூலை மாதம் வந்து உட்காருகிறவர்களிடம் நான் தவறாமல் கேட்பது: வீட்டில் மாற்றுத்திறனாளிப் பிள்ளை உண்டா, அதற்கென வருமான வரிச் சட்டத்தின் 80டிடி பிரிவு தரும் தொகையை வருமானத்தில் கழித்தீர்களா? "அவனுக்கு முப்பது வயசாயிடுச்சே சார்" என்பார்கள். ஆகட்டுமே!

80டிடிக்கு வயது வரம்பு கிடையாது. மகனுக்கு 18 ஆனாலும் 48 ஆனாலும், முழுக்கவோ பெரும்பாலுமோ உங்களை நம்பி இருந்தால் போதும். பட்டறையில் கூடை முடைந்து கைச்செலவுக்குச் சம்பாதிக்கிறானா, பரவாயில்லை. குறைபாடு 40 சதவீதம் இருந்தால் 75,000 ரூபாய், 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000 ரூபாய் உங்கள் வருமானத்தில் கழியும். 20 சதவீத வரி கட்டுபவருக்கு இந்தப் பெரிய தொகையால் செஸ் சேர்த்து 26,000 ரூபாய் மிச்சம்.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மா. மகளுக்கு மூளை முடக்குவாதம், வயது 27. "இருபத்தஞ்சு தாண்டினா டிபெண்டன்ட் இல்லை மேடம்" என்று அலுவலகக் கணக்குப் பிரிவில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த இருபத்தைந்து எங்கிருந்து வந்தது? மருத்துவக் காப்பீட்டிலிருந்து! பல பாலிசிகளில் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு வரம்பு உண்டு. அதை இங்கே ஒட்டவைத்துவிட்டார்கள். திரும்பவும் சொல்கிறேன், 80டிடிக்கு வயது வரம்பு கிடையாது. அலுவலகம் ஏற்கவில்லையா, ரிட்டர்னில் நீங்களே கழித்து ரீஃபண்ட் வாங்கலாம்.

அவருக்கு இன்னொரு பயம், பில். பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து போகிறார், கையில் பணம் வாங்குகிறார், ரசீது ஏது? ஆனால் இந்தக் கழிவு செலவின் அளவைப் பார்ப்பதில்லை. சிகிச்சைக்கோ பயிற்சிக்கோ பராமரிப்புக்கோ செலவு செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஐயாயிரம் ஆனாலும் ஐந்து லட்சம் ஆனாலும் கழிவு ஒன்றே.

அவர் கொண்டுவந்த பை நிறைய மருந்துச் சீட்டு. நான் கேட்டது குறைபாட்டுக்கான மருத்துவச் சான்றிதழை. லாமினேட் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார். கீழே பொடி எழுத்தில் மறுபரிசோதனைத் தேதி இருந்ததைத்தான் யாரும் பார்க்கவில்லை. சான்றிதழ் காலாவதியாகிற நிதியாண்டு வரை கழிக்கலாம், அடுத்த ஆண்டுக்குப் புதுச் சான்றிதழ் வேண்டும். இன்றைக்கே பீரோவைத் திறந்து அந்தத் தேதியைப் பாருங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையான யூடிஐடியின் எண்ணையும் குறித்து வையுங்கள்.

முக்கியமான ஒன்று. இந்தச் சலுகை பழைய வரிமுறையில் மட்டும்தான். 2023-24 முதல் நீங்களாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் புதிய முறைதான் பொருந்தும், அதில் இது கிடையாது. இரண்டிலும் வரியைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். சம்பளத்தைப் பொறுத்துப் புதியதே லாபமாகவும் இருக்கலாம். மாற்றுத்திறனாளி தன் வருமானத்திலேயே கழித்துக்கொள்வதற்கான 80யூ பிரிவைப் பிள்ளை தன் பெயரில் பயன்படுத்தினால் நீங்கள் 80டிடி கழிக்க முடியாது. 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன, சலுகை இருக்கிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். எல்ஐசி திட்டங்களைப் பற்றிப் பேச நினைத்தேன், நேரமில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 18 முடிந்துவிட்டால், சட்டப்பூர்வ பாதுகாவலர் நியமனத்துக்கு 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி விண்ணப்பிக்கலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இதற்கான உள்ளூர்க் குழுவைப் பற்றி விசாரியுங்கள். வணக்கம்.